வௌவாலின் கைமாற்று

நம்பிக்கை: வலுத்தவன் பிழைப்பான், இளைத்தவன் சாவான். டார்வின் சொன்னது இதுதான்.

உண்மை: 'தகுதியுள்ளதே தப்பிப் பிழைக்கும்' என்ற தொடரை 1864-இல் உருவாக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர். டார்வின் அதைப் பிறகு எடுத்தாண்டார்; ஆனால் தகுதி என்று அவர் நினைத்தது அடிதடி பலத்தை அல்ல. ஒருவருக்கொருவர் துணைநிற்பவர்கள் மிகுந்த கூட்டமே மற்றக் கூட்டங்களை வெல்லும் என்று 1871-இல் அவரே எழுதிவிட்டார். அவர் பெயரைச் சொல்லி அடுத்தவனை மிதிக்கச் சொல்பவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டியதில்லை போலும்.

நம்பிக்கை: தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். இயற்கையில் உதவியெல்லாம் ரத்த சொந்தத்தோடு சரி.

உண்மை: பாதிதான் சரி. நெருங்கிய உறவுக்கு உதவும் குணம் ஏன் தலைமுறை தாண்டிப் பரவுகிறது என்பதை 1964-இல் வில்லியம் ஹாமில்டன் கணக்குப் போட்டே காட்டினார். உடன்பிறந்தவருக்கும் நமக்கும் பாதி மரபணு பொது; அவர் பிழைத்தால் அதுவும் பிழைக்கும்.

ஆனால் கோஸ்ட்டாரிக்காவின் ரத்தக்காட்டேரி வௌவால்களைப் பாருங்கள். இரவில் மாடு, குதிரைகளின் ரத்தம்தான் இரை. அது கிடைக்காமல் இரண்டு மூன்று இரவு போனால் உயிரே போய்விடும். அப்படி வெறும் வயிற்றோடு திரும்பியதற்கு, வயிறு நிறைந்த இன்னொன்று தான் குடித்ததைக் கக்கி வாயோடு வாயாக ஊட்டுகிறது. ஜெரால்ட் வில்கின்சன் இதை 1984-இல் வெளியிட்டார். சொந்தத்துக்கு மட்டுமல்ல, கூடவே தங்கிப் பழகியதற்கும் ஊட்டின. கூண்டில் வைத்துப் பின்னர் நடத்திய சோதனைகளில், யாருக்கு ஊட்டுவது என்பதில் உறவைவிட, முன்பு தனக்கு ஊட்டியது யார் என்பதே பெரிதாக இருந்தது. கைமாற்றுதான், வட்டி மட்டும் கிடையாது! ராபர்ட் டிரிவர்ஸ் 1971-இலேயே இதற்குக் கோட்பாடு வகுத்திருந்தார். வரவு செலவு பார்த்தது பரிணாமம். ஊட்டும் வௌவாலுக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. நமக்கும் அப்படித்தான்.

நம்பிக்கை: குழந்தை பிறவிச் சுயநலக்காரன், பரிசு காட்டித்தான் உதவப் பழக்க வேண்டும்.

உண்மை: வார்னெக்கனும் டொமசெல்லோவும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், துணி காயப்போடும் ஆள் கிளிப்பைத் தவறவிட்டு எட்டாமல் தவித்தபோது, ஒன்றரை வயதுக் குழந்தைகள் யாரும் கேட்காமலே எடுத்துக் கொடுத்தன. இளம் சிம்பன்சிகளும் எட்டாத பொருளை எடுத்துத் தந்தன. 2008-இல் அவர்களே செய்த இன்னொரு சோதனையில், உதவியதற்குப் பரிசுப்பொருள் பெற்ற குழந்தைகள் அதன்பிறகு உதவியது குறைந்தது. வீட்டில் பிள்ளை தானாக எதையாவது எடுத்துக் கொடுத்தால், தயவுசெய்து உடனே மிட்டாயை நீட்டாதீர்கள்.