மலை மட்டும் போதுமா? தாழப் பறக்கும் போர் விமானங்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மலேசியாவின் பகாங் மாநிலத்தில் உள்ள கேமரன் மலைக்குச் செல்வோர், 2,032 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலையையும், 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட போ நிறுவனத்தின் தேயிலைத் தோட்டங்களையும் காணத் தவறுவதில்லை. அத்தோட்டங்களின் ஆழ்ந்த பள்ளத்தாக்குகள், பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் மலைச்சரிவில் நிற்போரின் பார்வைக்குக் கீழே போர் விமானங்கள் பாய்ந்து செல்லும் புகழ்பெற்ற ஒளிப்படங்களை நினைவூட்டக்கூடியவை. இவ்வகைக் காட்சியைப் பற்றியும், மலாயாவின் வான்வரலாற்றைப் பற்றியும் நிலவும் ஐந்து நம்பிக்கைகள் இங்கு ஆராயப்படுகின்றன.

நம்பிக்கை 1: உயர்ந்த மலையும் ஆழ்ந்த பள்ளத்தாக்கும் உள்ள இடமெல்லாம் போர் விமானங்களைக் காண ஏற்ற இடம்.

உண்மை: இக்காட்சியை உண்டாக்குவது மலையன்று, பயிற்சியும் அதற்குரிய விதியுமே ஆகும். 'மாக் லூப்' எனப்படும் வேல்ஸ் பள்ளத்தாக்குத் தொடர், தாழ்பறத்தல் பயிற்சிக்கென வகுக்கப்பட்ட பகுதிக்குள் அமைந்திருப்பதாலும், அங்கே போர் விமானங்கள் தரையிலிருந்து 250 அடி, அதாவது ஏறத்தாழ 76 மீட்டர் இடைவெளி வரை இறங்க அனுமதி உள்ளதாலும், சரிவின் மேற்பகுதியில் நிற்போர் விமானத்தின் முதுகைக் காண முடிகிறது. விமானிகள் அவ்வாறு பறக்கப் பழகுவதற்குக் காரணம் ரேடாரின் வரம்பாகும். வானொலி அலைகளை அனுப்பி, அவை பட்டுத் திரும்புவதைக் கொண்டு பொருள்களைக் கண்டறியும் இக்கருவியின் பார்வை, பூமியின் வளைவால் மறைக்கப்படுகிறது. தரைமட்டத்தில் உள்ள ஒரு ரேடார், 3,000 மீட்டர் உயரத்தில் வரும் விமானத்தைச் சுமார் 225 கிலோமீட்டர் தொலைவிலேயே காணக்கூடும் என்றால், 75 மீட்டர் உயரத்தில் வருவதைச் சுமார் 35 கிலோமீட்டர் தொலைவுக்குள் வந்த பின்னரே காண இயலும். இடையே குன்றுகள் இருப்பின் அத்தொலைவு இன்னும் குறையும்.

நம்பிக்கை 2: விமானத்தின் ஓசை முன்கூட்டியே கேட்டுவிடும், அதன்பின் கேமராவை எடுத்தால் போதும்.

உண்மை: மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் நொடிக்கு 222 மீட்டர் கடக்கிறது, 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒலி கடப்பதோ நொடிக்கு 343 மீட்டர்தான். எனவே விமானம் ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருந்தபோது எழுந்த ஓசை பார்வையாளரின் காதை எட்டுவதற்குச் சற்றேறக்குறைய 3 நொடிகள் ஆகின்றன. அதற்குள் விமானம் 650 மீட்டர் முன்னேறி, 350 மீட்டர் தொலைவுக்கு வந்துவிடுகிறது. மலைமுகடு இடையில் நின்று ஓசையைத் தடுக்கும் இடங்களில் இந்த எச்சரிக்கையும் கிட்டாது என்பதால், அனுபவமுள்ளோர் காதை நம்பாமல், விமானம் நுழையக்கூடிய பள்ளத்தாக்கின் வாயிலிலேயே கண்ணைப் பதித்திருப்பர்.

நம்பிக்கை 3: மலையே அதிரும்படி முழங்கினால், விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

உண்மை: தாழப் பறக்கும் பயிற்சி வழக்கமாக ஒலியை விடக் குறைந்த வேகத்திலேயே நடைபெறுகிறது. செவியைத் துளைக்கும் அந்த இரைச்சல், எஞ்சினிலிருந்து பீறிடும் வெப்பக்காற்று வெளிக்காற்றோடு மோதிக் கலப்பதால் பிறந்து, எதிரெதிர்ச் சரிவுகளில் பட்டு எதிரொலித்துப் பெருகுவதாகும். ஒலியை மிஞ்சிய வேகத்தில் உண்டாகும் 'ஒலி முழக்கம்' வெடிச்சத்தம் போல் திடீரெனக் கேட்பது. மேலும், பலர் எண்ணுவதுபோல் அது எல்லையைத் தாண்டும் ஒரு கணத்தில் மட்டும் எழுவதன்று, அவ்வேகம் நீடிக்கும் வரை விமானத்தைத் தொடர்ந்து வரும் அதிர்ச்சி அலையாகும்.

நம்பிக்கை 4: நவீனக் கருவிகள் இருப்பதால் மலைமூட்டம் படை விமானிகளுக்கு ஒரு பொருட்டன்று.

உண்மை: பள்ளத்தாக்குகளுக்குள் தாழப் பறப்பது பெரும்பாலும் கண்பார்வையை நம்பியே நடைபெறுகிறது. கேமரன் மலையைப் போன்றே தேயிலை விளையும் நீலகிரியில், 2021 டிசம்பர் 8 அன்று குன்னூருக்கு அருகே இந்திய விமானப்படையின் எம்.ஐ.-17வி5 ஹெலிகாப்டர் விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் சென்ற 14 பேரும் உயிரிழந்தனர். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்திற்குள் நுழைந்து, விமானி திசையுணர்வு குழம்பி மலையில் மோத நேர்ந்தது என்று முப்படை விசாரணைக் குழு கண்டறிந்தது. கோளாறற்ற ஒரு வானூர்தி, விமானியின் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே நிலத்தில் மோதும் இவ்வகை விபத்து, பிற்பகல்களில் மூடுபனி இறங்கும் மலைப்பகுதி எதற்கும் பொருந்தும் எச்சரிக்கையாகும்.

நம்பிக்கை 5: அவசரகாலத்தில் மலாயாவின் காடுகள் மீது பறந்த விமானங்கள், குண்டுவீசியே கிளர்ச்சியை ஒடுக்கின.

உண்மை: கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அறிவிக்கப்பட்டு 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், பிரிட்டிஷ் விமானப்படையின் 'ஃபயர்டாக்' நடவடிக்கையில் குண்டுவீச்சு இடம்பெற்றது உண்மையே, ஆயினும் அடர்ந்த காட்டின் இலைக்கூரைக்குக் கீழிருந்த சிறு குழுக்களை வானிலிருந்து கண்டு தாக்குவது அரிதாக இருந்தது. காட்டுக்குள் இருந்த படையினருக்கும் கோட்டைகளுக்கும் உணவுப் பொதிகளைப் பாராசூட் மூலம் இறக்குவதற்கும், சரணடையக் கோரும் துண்டறிக்கைகளைத் தூவுவதற்கும், ஒலிபெருக்கி வழியாக அறிவிப்புச் செய்வதற்குமே விமானங்கள் தாழப் பறந்தன. கிளர்ச்சியைத் தளர்த்தியதில் பெரும்பங்கு, 1950ஆம் ஆண்டின் பிரிக்ஸ் திட்டத்தின்படி மக்களைப் புதுக்கிராமங்களில் குடியேற்றி, தோட்டத் தொழிலாளரின் லயங்களையும் வேலிக்குள் ஒருங்கிணைத்து, காட்டுக்குச் சென்ற உணவைத் தடுத்ததற்கே உரியது. அதனால் அல்லலுற்றவர்களும் அம்மக்களே.

ஆகவே, தேயிலைச் சரிவில் காத்திருப்பதால் மட்டும் வேல்ஸின் காட்சி கிட்டிவிடாது. மலேசியாவில் சுகோய்-30எம்கேஎம் போன்ற போர் விமானங்களின் சாகசத்தை உறுதியாகக் காண விரும்புவோர், 1991 முதல் நடத்தப்பட்டுவரும் லங்காவி அனைத்துலகக் கடல், வான் கண்காட்சியின் தேதிகளைப் பார்த்துப் பயணத்தைத் திட்டமிடுவதே தக்கது.