மடிநோய் ஊசியும் ஏழு நாள் பாலும்

கறவை மாட்டின் நலமும் அதன் பாலைப் பருகுவோர் நலமும் வெவ்வேறல்ல. இதனை அண்மையில் ஒரு சிற்றூரில் நேரிற் கண்டோம். பணிகளைப் பார்வையிடச் சென்றிருந்த எம்மிடம் ஓர் அம்மையார், "இரண்டு நாளாக உறை ஊற்றியும் பால் தோயவில்லையே, ஐயா! யார் கண் பட்டதோ!" என்று முறையிட்டார். விசாரித்தபோது உண்மை விளங்கிற்று. அவருடைய ஒரே பசுவுக்கு மடிநோய் கண்டு ஊசி போடப்பட்டிருந்தது. பாலைத் தயிராக்குவன கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களே. மடி வழியே பாலில் இறங்கிய மருந்து, உறைமோரிலிருந்த அவ்வுயிர்களையும் வளரவொட்டாமற் செய்துவிட்டது.

அன்று காலையும் அப்பசுவின் பால் சங்கத்துக் கேனிற் சேர்ந்துவிட்டது என்பதே எம்மை வருத்திய செய்தி. அம்மையார் வஞ்சகம் செய்தாரல்லர். அவருக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்களுள் யாமும் அடங்குவோம்.

மருந்து வலிமை இழப்பது ஏன்?

ஆன்டிபயாடிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுள் பெனிசிலினை 1928-இல் கண்டறிந்தவர் அலெக்சாண்டர் பிளெமிங். மருந்தைக் குறைந்த அளவிற் கொடுத்தால் கிருமிகள் சாவாமல் அதனை எதிர்க்கப் பழகிவிடும் என்று 1945-இல், நோபெல் பரிசு ஏற்ற உரையிலேயே, அவர் எச்சரித்தார். ஆயினும் 1950-ஆம் ஆண்டை ஒட்டி, இம்மருந்துகளைத் தீவனத்திற் சிறிதளவு கலந்தால் கோழியும் பன்றியும் விரைவில் எடை கூடும் என்று அமெரிக்காவிற் கண்டனர். பின்னர்ப் பல நாடுகளில் நோயற்ற உயிர்களுக்கும் மருந்தை நாள்தோறும் ஊட்டலாயினர். பிளெமிங் அஞ்சியதே நேர்ந்தது.

மருந்துக்கு அடங்காத கிருமி கொட்டிலோடு நிற்பதில்லை. சாணம், நீர், இறைச்சி, கறப்போர் கை ஆகியவற்றின் வழியே மனிதரையும் அடைகிறது. நாளை நம் குழந்தை நோயுறும்போது அதே வகை மருந்து பலிக்காமற் போகக்கூடும்.

சட்டம் கூறுவது யாது?

வளர்ச்சிக்காக மருந்தூட்டுவதை முதன்முதலில் 1986-இல் சுவீடன் நாடு தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006-இல் தடுத்தது. நம் நாட்டிலும் விதிகள் படிப்படியாக இறுகி வருகின்றன.

2012-இல் மருந்து விதிகள் திருத்தப்பட்டன. அதன்படி, உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்கான மருந்துச் சீட்டில் 'விலக்குக் காலம்' அச்சிடப்பெறல் வேண்டும். மருந்து கொடுத்து முடிந்த பின் பால், முட்டை, இறைச்சி ஆகியவற்றை உணவாக்காமல் ஒதுக்க வேண்டிய நாட்களே விலக்குக் காலமாகும். கால அளவு தனியே ஆராய்ந்து குறிக்கப்படாத மருந்துக்குப் பாலும் முட்டையும் 7 நாட்களுக்கும், இறைச்சி 28 நாட்களுக்கும் குறையாமல் விலக்கப்படல் வேண்டும்.

மனிதருக்குக் கடைசிப் புகலிடமாக உள்ள மருந்துகளுள் கொலிஸ்டின் ஒன்று. அதனை எதிர்க்கும் ஆற்றல் ஒரு கிருமியிலிருந்து மற்றொரு கிருமிக்கு எளிதில் தாவக்கூடும் என்று 2015-இல் சீன நாட்டு ஆராய்ச்சியில் தெரியவந்தது. 2019 ஜூலையில் மத்திய அரசு, கால்நடைக்கும் கோழிக்கும் மீன் வளர்ப்புக்கும் தீவனத்துக்கும் கொலிஸ்டினைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. 2025-இல் குளோராம்பெனிக்கால், நைட்ரோபியூரான் வகை மருந்துகளையும் உணவுக்கான உயிர்களின் வளர்ப்பில் பயன்படுத்தலாகாது எனத் தடுத்தது.

நோயுற்ற மாட்டுக்கு வைத்தியம் செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை என்பதை உழவர்கள் மனத்திற் கொள்க. மருத்துவர் பார்த்து, உரிய மருந்தை, உரிய அளவில், உரிய நாள் வரை கொடுத்தல் வேண்டும் என்பதே கருத்து. கோமாரியும் கோழியின் வெள்ளைக் கழிச்சலும் வைரஸ் நோய்கள். அவற்றை இம்மருந்துகள் கொல்லமாட்டா, தடுப்பூசியே காப்பு.

நாட்களை எண்ணும் முறை

முதல் ஊசியிலிருந்து எண்ணுவது பலர் செய்யும் பிழை. கடைசி ஊசியிலிருந்தே எண்ணல் வேண்டும். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஊசி போடப்பட்டு, விலக்குக் காலம் 7 நாளாயின், அடுத்த வாரத்து வியாழன் முதலே பாலைச் சங்கத்திற்கு ஊற்றலாம். ஒரு காம்பிற்கு மட்டும் மருந்து ஏற்றினாலும் நான்கு காம்புப் பாலையும் விலக்குக. காய்ச்சினால் மருந்து முற்றும் அழியாது. அப்பாலைக் கன்றுக்கு ஊட்டுவதும் நன்றன்று. பால் தோய்ந்துவிட்டது, ஆகவே தூயது என்று கொள்வதும் தவறு, நாட்கணக்கே சான்று.

இழப்பை யார் ஏற்பது?

நாளொன்றுக்கு 8 லிட்டர் கறக்கும் பசுவாயின், ஊசி போட்ட 3 நாளும் விலக்கிய 7 நாளும் சேர்ந்து 80 லிட்டர் பால் வீணாகும். ஒரே பசுவை நம்பி வாழும் குடும்பத்திற்கு இது பேரிழப்பு. இதனை மறந்து சட்டத்தை மட்டும் ஓதினால் பால் மறைவாகக் கேனிற் சேரும்; ஊராரின் பால் முழுவதும் பழுதாகும். ஒருவர் உண்மை சொல்வதால் ஊருக்கு நன்மை விளையுமாயின், அவர் இழப்பில் ஊரும் பங்கு கொள்வதே நீதி. இதற்கென ஒரு சிறு நிதி வைக்க இயலுமா என்று பால் உற்பத்தியாளர் சங்கங்கள் தம் பொதுக்குழுவில் ஆலோசிக்கலாம்.

நோய் வராமற் காப்பது இதனினும் மலிவு. கறக்குமுன் மடியையும் கைகளையும் கழுவுக. கறந்த பின் காம்புகளை அயோடின் கரைசலில் நனைக்க. உடனே படுத்துவிடாதபடி மாட்டுக்குத் தீவனம் வைத்து அரைமணி நேரம் நிறுத்துக. அதற்குள் காம்புத் துளை மூடிக்கொள்ளும். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்தரைத்து, நீர் கலந்து மடியிற் பலமுறை பூசும் முறையைத் தேசியப் பால்வள வாரியம் பரப்பி வருகிறது. நோயின் தொடக்கத்தில் இது உதவும். காய்ச்சல் கண்டாலோ, மடி கல்லாக இறுகினாலோ தாமதியாது மருத்துவரை அழைக்க.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

1. கால்நடை மருத்துவரைக் கிராம சபைக்கு அழைத்து விலக்குக் காலத்தை விளக்கச் செய்தல்.
2. ஊசி போட்ட நாள், மருந்தின் பெயர், பால் ஊற்றக்கூடிய நாள் ஆகியவற்றை எழுத வீடுதோறும் ஒரு குறிப்பேடு வைக்கத் தூண்டுதல்.
3. மருத்துவர் சீட்டின்றி மருந்து வாங்கும் வழக்கத்தைக் கைவிடச் செய்தல்.

அந்த அம்மையாரின் வீட்டுச் சுவரில், பாலைச் சேர்க்கலாகாத நாட்களைக் கரிக்கட்டியால் கோடிட்டு வைத்துத் திரும்பினோம். மறுமுறை சென்றபோது கோடுகள் அனைத்தும் ஒவ்வொன்றாக அடிக்கப்பட்டிருந்தன. இழப்பை அவர் தனியே ஏற்றிருந்தார். அடுத்து ஒரு வீட்டில் மடிநோய் காணுமுன், அதனைப் பகிர்ந்துகொள்ளும் வழியை ஒவ்வொரு கிராமமும் முடிவு செய்தல் வேண்டும்.