ஐம்பது நிமிடங்கள்

நுழையும்முன்

பேரிடர் சொல்லிவிட்டு வருவதில்லை. எனினும், அதனை எதிர்கொள்ளும் அறிவை முன்னரே சேர்த்து வைக்க இயலும். தொடக்கப் பள்ளிச் சிறுவர்க்கு இடர்ப்பொழுதில் ஆசிரியர் காட்டும் திசையே வழி. அவ்வாசிரியர் பெற்ற பயிற்சி எத்துணை உயிர்களைக் காக்கும் என்பதை ஜப்பான் நாட்டின் இரு தொடக்கப் பள்ளிகள் உணர்த்துகின்றன.

ஒகாவா: காத்திருந்த குழந்தைகள்

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46 மணி. ஜப்பானின் வடகிழக்குக் கடலடியில் 9.0 அளவிலான நிலநடுக்கம் நேர்ந்தது. இஷினோமாகி நகரத்திற்கு உட்பட்ட ஒகாவா தொடக்கப் பள்ளி, கிட்டகாமி ஆற்றின் கரையில், கடலிலிருந்து ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஆசிரியர்கள் குழந்தைகளை ஒழுங்காக விளையாட்டுத் திடலுக்கு அழைத்து வந்தனர், பெயர்களைச் சரிபார்த்தனர். அதுவரை யாவும் முறையாகவே நடந்தன.

அடுத்து எங்குச் செல்வது? பள்ளியின் அவசரகாலக் கையேடு, ஆழிப்பேரலை வந்தால் ‘வெற்றிடம் அல்லது பூங்கா’ போன்ற இடத்திற்குச் செல்க என்றது. எந்த இடம் என்று குறிக்கவில்லை. பள்ளிக்குப் பின்னே குன்று இருந்தது. ஆயினும் மரங்கள் சாயுமோ, மண் சரியுமோ என்னும் ஐயம் எழுந்தது. முடிவு எட்டப்படாமலே ஏறத்தாழ ஐம்பது நிமிடங்கள் கழிந்தன. இறுதியில், ஆற்றுப் பாலத்தருகே இருந்த சற்று மேடான பகுதியை நோக்கி நடக்கத் தொடங்கியபோது அலை வந்துவிட்டது. 74 மாணவர்களும், அங்கிருந்த 11 ஆசிரியர், பணியாளருள் 10 பேரும் உயிரிழந்தனர். அவ்வாசிரியர்கள் குழந்தைகளைக் கைவிட்டு ஓடியவர் அல்லர். அன்பு இருந்தது, முன்பே எடுத்த முடிவுதான் இல்லை.

உனோசுமாய்: ஓடிய குழந்தைகள்

அதே நாளில் கமாய்ஷி நகரத்தின் உனோசுமாய் தொடக்கப் பள்ளி மாணவர்கள் தம் பள்ளியின் மேல்மாடியில் கூடத் தொடங்கினர். அருகிலிருந்த நடுநிலைப் பள்ளி மாணவர்கள் மேட்டுநிலம் நோக்கி ஓடுவதைக் கண்டதும் அவர்களும் உடன் ஓடினர். இரு பள்ளிகளும் முன்பே சேர்ந்து ஒத்திகை நடத்தியிருந்தன. மூத்தவர்கள் இளையோரின் கைகளைப் பற்றிக்கொண்டனர். முதலில் சென்ற இடமும் பாதுகாப்பற்றது எனத் தோன்றவே, மேலும் உயரமான இடத்திற்கு ஏறினர். பின்னர்ப் பள்ளிக் கட்டடங்களை அலை மூழ்கடித்தது. ஓடிய ஏறத்தாழ 570 மாணவர்களும் பிழைத்தனர். பழகிய கால்கள் தயங்கவில்லை.

நீதிமன்றங்கள் வகுத்த நெறி

ஒகாவா வழக்கில் 2018ஆம் ஆண்டு தீர்ப்பளித்த செண்டாய் உயர்நீதிமன்றம், கையேட்டை முன்பே திருத்தாமல் விட்டதே தவறு என்றது. 2019இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. பிழை, அலை வந்த நாளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள்.

நம் நாட்டு உச்சநீதிமன்றமும் இத்தகைய நெறியையே உரைத்துள்ளது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், கீற்றுக்கூரை வேய்ந்த பள்ளியில் பற்றிய தீ 94 குழந்தைகளைப் பலிகொண்டது. அதனையொட்டித் தொடரப்பட்ட வழக்கில், பாதுகாப்பான பள்ளியில் பயில்வதும் கல்வி உரிமையின் பகுதியே என 2009இல் தீர்ப்பு வந்தது. ஆசிரியர்க்கும் பிற பணியாளர்க்கும் பாதுகாப்புக் கருவிகளைக் கையாளவும் மாணவர்களை வெளியேற்றவும் பயிற்சி அளிக்குமாறு அது பணித்தது.

பயிற்சியின் கூறுகள்

நல்ல பயிற்சி, நான்கு வினாக்களுக்கு முன்பே விடை காண்கிறது. எங்குச் செல்வது? அவ்வழி அடைபட்டால் மாற்றுவழி எது? தலைமையாசிரியர் இல்லாதபோது முடிவெடுப்பவர் யார்? நடக்க இயலாத குழந்தையை யார் தூக்கிச் செல்வது? சத்துணவுச் சமையலரும் காவலரும் துப்புரவுப் பணியாளரும் இவ்விடைகளை அறிந்திருத்தல் வேண்டும். தீயணைப்பானைச் சுவரில் மாட்டினால் மட்டும் போதாது. ஒருமுறையேனும் கையில் எடுத்து இயக்கிப் பார்த்திருத்தல் வேண்டும். வெளியேறியபின் வருகைப் பதிவேட்டைக் கொண்டு எண்ணிக்கையைச் சரிபார்த்தல் வேண்டும். ஒத்திகையில் கண்ட குறைகளைத் திருத்தி, மீண்டும் ஒத்திகை நிகழ்த்துதல் வேண்டும்.

திட்டம் ஏட்டில் இருந்தால் அது தாள். பழக்கத்தில் இருந்தால் அது காவல். வருமுன் காப்பது அச்சத்தின் அடையாளம் அன்று. குழந்தைகள்பால் கொண்ட அன்பின் முதிர்ந்த வடிவம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியின் வெளியேறும் வழிகளைக் காட்டும் வரைபடம் ஒன்றை வரைக.
2. ‘அன்பு இருந்தது, முன்பே எடுத்த முடிவுதான் இல்லை’ – இக்கூற்றை விளக்குக.
3. ஒகாவா, உனோசுமாய் பள்ளிகளின் நிகழ்வுகளை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுக.