ஜன்னல் சீட்: இடமா, வலமா?

சென்னையிலிருந்து கொச்சிக்கு ஃப்ளைட் புக் பண்றீங்க. சீட் மேப் திறக்குது. ஜன்னல் சீட்டுக்குத் தனியா காசு கேட்குது. கொடுக்கலாம்னு முடிவு பண்ணிட்டீங்க. ஆனா ஏ சீட்டா, எஃப் சீட்டா? நிறைய பேர் கைக்கு வந்ததைத் தட்டிட்டு அடுத்த பக்கம் போயிடறாங்க. கொஞ்ச நேரம் மேப்பைப் பார்த்தா இதுக்குத் தெளிவான விடை இருக்கு.

சென்னைக்கும் கொச்சிக்கும் நடுவுல ஒரு நேர்க்கோடு போடுங்க. விமானம் கோட்டிலிருந்து கொஞ்சம் விலகிப் போகும்தான், ஆனா பக்கம் மாறாது. கோட்டுக்கு இடது பக்கம் பழனி மலை, அப்புறம் மூணாறு, ஏலமலைத் தொடர். வலது பக்கம் கொங்குச் சமவெளி, பாலக்காட்டுக் கணவாய். அதனால போகும்போது ஏ, திரும்பும்போது எஃப்.

இப்போ முதல் வருஷ டிரிக்னாமெட்ரி. கோட்டிலிருந்து ஆனைமுடி ஏறக்குறைய 40 கி.மீ. தள்ளி இருக்கு, அதன் உயரம் 2,695 மீட்டர். கொச்சிக்கு இறங்க ஆரம்பிச்ச விமானம் அந்த நேரத்துல 7 கி.மீ. உயரத்துல இருக்குன்னு வைப்போம். உயர வித்தியாசம் 4.3 கி.மீ., அதை 40-ஆல வகுத்தா டேன் தீட்டா 0.11 வருது. கோணம் வெறும் 6 டிகிரி. அதாவது மலை உங்க காலுக்குக் கீழே இல்ல, கிட்டத்தட்ட கண் மட்டத்துல, தூரத்துல நிற்குது. அந்த இடத்தைத்தான் இறக்கை மறைக்கும். இறக்கைக்குப் பின்னாடி உட்கார்ந்தா இன்ஜின் சூட்டுல காட்சி அலையடிக்கும். அதனால முன் வரிசை. ஏடிஆர் விமானம் கிடைச்சா இந்தக் கவலை குறைவு, அதுல இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கும்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. போகும்போது இடது ஜன்னல் தென்கிழக்கைப் பார்க்குது. காலை ஃப்ளைட்னா வெயில் நேரா முகத்துல அடிக்கும், மலை வெறும் வெள்ளைப் புகையாத்தான் தெரியும். மதிய ஃப்ளைட் எடுங்க. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம்தான் தெரியும், காசு வேஸ்ட்.

ஆனா அந்த ஜன்னல்ல தெரியறது மலையோட மறுபக்கம். போடிநாயக்கனூர் பக்கத்துச் சரிவைப் பார்க்கணும்னா பஸ்தான். முந்தலிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் பள்ளம் பக்கம் மாறும். 17 வளைவுன்னா 18 துண்டு ரோடு, ஆளுக்கு ஒன்பது. அப்போ எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒண்ணுதானே? இல்ல. நம்ம ஊர்ல வண்டி இடது ஓரமாப் போகுது. பள்ளம் இடது பக்கம் வரும்போது பஸ் விளிம்பை ஒட்டி இருக்கும், ஜன்னலுக்குக் கீழே நேரா சரிவு. பள்ளம் வலது பக்கம் வரும்போது நடுவுல இன்னொரு லேன் ரோடு கிடக்கும். அதனால ஏறும்போது இடது ஜன்னல். இறங்கும்போதும் அதேதான்! வாந்தி வர்றவங்க மட்டும் முன் சீட்டுல உட்கார்ந்து ரோட்டையே பாருங்க.

மெட்டைத் தாண்டினதும் கவனிக்க வேண்டியது வேற. தேயிலை சுலபமாத் தெரியும், முடி வெட்டின மாதிரி. ஏலக்காய் தெரியாது. அது மர நிழல்ல வளர்ற செடி, மேலிருந்து பார்த்தா அசல் காடு மாதிரியே இருக்கும். இது சின்ன விஷயம் இல்ல. ஏலமலைக் காப்பு நிலம் காடா, வருவாய் நிலமான்னு உச்ச நீதிமன்றத்துல பல வருஷமா வழக்கு நடக்குது. 1897-ல திருவிதாங்கூர் அரசு போட்ட அறிவிப்பு 15,720 ஏக்கரையா, இரண்டு லட்சத்துக்கும் மேலயான்னுதான் சண்டையே. பட்டா இருக்கா இல்லையாங்கறது ஒரு குடும்பத்தோட மொத்தச் சொத்து. இன்னொரு பக்கம் காடு.

ஜன்னல்லயிருந்து கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன். மரத்தோட உச்சியைப் பார்க்காம அடியைப் பாருங்க. காட்டுல அடியில புதர், கொடி, விழுந்த மரம்னு எல்லாம் கலந்து கிடக்கும். தோட்டத்துல ஆள் உயரத்துக்கு மேல நீள இலையோட செடி இடைவெளி விட்டு நிற்கும், மழைக்கு முன்னாடி கிளை கழிச்ச மரங்கள் மெலிஞ்சு தெரியும், நடுநடுவே காய் உலர்த்துற ஸ்டோரோட தகரக் கூரை.

விடியக்காலைப் பஸ்னா இன்னொண்ணும் பார்ப்பீங்க. போடியிலிருந்து தோட்ட வேலைக்குப் பெண்களை ஏத்திக்கிட்டு ஜீப்புகள் உங்களை முந்திக்கிட்டு ஏறும். தூக்குவாளியை மடியில வச்சுக்கிட்டு நெருக்கி உட்கார்ந்திருப்பாங்க. அதுல யாரும் சீட் தேர்ந்தெடுக்கிறதில்ல.