கரிசல் நிலமும் மக்காச்சோளமும்

சிவகாசியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் ஓங்கி வளர்ந்தமைக்கு அந்நிலத்தின் வறட்சியும் ஒரு காரணமாகும். தீக்குச்சியை உலர்த்தும் அவ்வெயிலே பயிரையும் வாட்டுகிறது. விருதுநகர் மாவட்டத்து மானாவாரி உழவர், ஐப்பசி கார்த்திகைத் திங்கள்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியிருக்கின்றனர். அம்மழை பொய்ப்பின், விதைக்கு இட்ட முதலும் மீளாது.

சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரங்களில் கரிசல் மண் மிகுதி. களித்துகள் செறிந்த அம்மண், மழையில் உப்பி நீரை நெடுநாள் தாங்கும். வெயிலில் சுருங்கி வெடிக்கும். வெடிப்பின் வழியே அடிமண்ணின் ஈரமும் ஆவியாகும். ஆதலின், கோடையிலேயே சரிவுக்குக் குறுக்கே உழுது, நிலத்தைச் சிறு பாத்திகளாக வரப்பிடுதல் வேண்டும். மழைநீர் ஓடாது நின்று ஊறும். மிகுந்து வழிவதைப் பண்ணைக்குட்டையில் தேக்கலாம்.

மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர். கம்பைப் போல் அது வறட்சியைப் பொறுக்காது. விதைத்த 50 முதல் 60 நாள்களில் உச்சியில் ஆண் பூங்கொத்தும், கதிரில் பட்டிழைகளும் தோன்றும். அப்போது ஈரம் குறைந்தால் பட்டிழை காலந்தாழ்ந்து வெளிவரும். அதற்குள் மகரந்தம் உதிர்ந்துவிடும். கதிரில் மணி பிடியாது. எனவே, பருவமழைக்குச் சற்று முன்னரே புழுதியில் விதைக்கும் முறை உண்டு. முதல் நன்மழையில் முளைத்த பயிர், மழைக்காலம் முடியுமுன் பூக்கும்.

இனி, உரத்தைக் காண்போம். சத்துகள் நீரில் கரைந்தாலன்றி வேர் அவற்றை உண்ணமாட்டாது. காய்ந்த மண்மேல் தூவிய யூரியாவில் ஒரு பகுதி அம்மோனியாவாகிக் காற்றிற் கலந்துவிடும். தழைச்சத்து முழுவதையும் தொடக்கத்திலேயே இட்டாலோ, பயிர் இலையாய்த் தழைத்து, பூக்குமுன் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆதலின் அதனைப் பகுத்து, ஒரு பகுதியை விதைப்பின்போதும், எஞ்சியதை மழை பெய்து ஈரம் நிற்கும்போதும் இடுதல் நன்று. மழை வாராவிடின், மேலுரத்தை இடாது நிறுத்திச் செலவையேனும் காக்கலாம். சுண்ணாம்பு மிக்க கரிசலில் மணிச்சத்து மண்ணோடு பிணைந்துவிடும். அதனைத் தொழு உரத்தோடு கலந்து ஊட்டமேற்றி, எக்டேருக்கு 750 கிலோ இடுமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மானாவாரி உழவர்க்கு அறிவுறுத்துகிறது. தொழு உரம் மண்ணின் நீர்பிடிக்கும் ஆற்றலையும் பெருக்கும்.

திருவள்ளுவர் ‘உழவு’ என்னும் அதிகாரத்தில் எருவையும் நீரையும் ஒரே குறளில் இணைத்துப் பேசினார். அவ்விணைப்பின் உண்மையைக் கரிசல் நிலம் நன்கு காட்டுகிறது. மழையை வரவழைத்தல் உழவனுக்கு இயலாது. வந்த மழையை மண்ணில் நிறுத்துதலும், நின்ற ஈரத்திற்கேற்ப உரத்தை அளந்திடுதலும் இயலும். வானம் பார்த்த பூமியில் உழவனைக் காப்பது அவ்வறிவே.