ஒரே பெட்டை, ஒரே பருவம்: இளம் பந்தயக் குதிரைக்குப் பொலிகுதிரை தேர்ந்தெடுப்பது எப்படி?

அயர்லாந்து நாட்டின் கில்டேர் மாவட்டத்தில், டல்லி என்ற இடத்தில், 1900-ம் ஆண்டு வில்லியம் ஹால் வாக்கர் என்ற செல்வந்தர் ஒரு குதிரைப் பண்ணையைத் தொடங்கினார். குட்டி பிறந்ததும் நேரத்தைக் குறித்து ஜாதகம் எழுதி வைப்பது அவர் வழக்கம். கிரகநிலை சரியில்லை என்று பட்டால், குட்டி எத்தனை வாட்டசாட்டமாக இருந்தாலும் விற்றுவிடுவார். அந்தப் பண்ணை 1940களில் அயர்லாந்து அரசின் வசம் வந்து, தேசியக் குதிரைப் பண்ணையாக இன்றும் நடக்கிறது.

செல்வந்தருக்கு ஒரு குட்டி தவறினால் இன்னொன்று உண்டு. ஆனால் அந்நாட்டில் பந்தயக் குதிரை வளர்ப்போரில் பெரும்பாலோர் ஓரிரு பெட்டைகளை மட்டுமே வைத்திருப்பவர்கள். மாடு, ஆடுகளோடு தோட்டத்தில் ஒரு குதிரையையும் கட்டியிருக்கும் சிறு விவசாயிகள் அவர்களில் பலர். பெட்டைக் குதிரையின் சினைக்காலம் சுமார் 340 நாள். ஆண்டுக்கு ஒரு குட்டிக்கு மேல் கிடையாது. இன்று சேர்க்கைக்கு விட்டால், அந்தக் குட்டியை ஓராண்டுக் குட்டியாக ஏலத்துக்குக் கொண்டு போக இரண்டரை ஆண்டு ஆகும். அத்தனை நாள் தீவனமும் மருந்தும் கைப்பணத்திலிருந்துதான் போக வேண்டும். தேர்வு தவறினால் அதைத் திருத்திக்கொள்ளச் சிறு விவசாயிக்கு வழி குறைவு. ஆகவே அவர்கள் பொலிகுதிரையை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது கால்நடை வளர்க்கும் எவருக்கும் பயன்படும் பாடம்.

முதலில் பெட்டையைப் பார்க்க வேண்டும்

பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவை 'தரோபிரெட்' என்ற இனத்தைச் சேர்ந்தவை. பயர்லி டர்க், டார்லி அரேபியன், காடால்பின் அரேபியன் என்ற மூன்று ஆண் குதிரைகளின் வழியில் இங்கிலாந்தில் உருவான இனம் இது. 1791 முதல் இதற்கு வம்சாவளிப் பதிவேடு உண்டு. பதிவேடு இருப்பதால் எல்லோரும் ஆண் குதிரையின் பெயரையே முதலில் தேடுகிறார்கள். இது தவறு. குட்டியில் பாதி தாயுடையது. தாயின் குறை நிறை தெரியாமல் தந்தையைத் தேடுவது, மண்ணைப் பார்க்காமல் விதை வாங்குவது போன்றது.

பந்தயத்தில் ஓடிவிட்டு வந்த பெட்டையைப் பெரும்பாலும் நான்கு வயதில் முதல் முறையாகச் சேர்க்கைக்கு விடுவார்கள். ஓட்டப் பயிற்சியில் இறுகிய உடம்பு மேய்ச்சலில் சில மாதம் தளர்ந்து தேற வேண்டும். அந்த இடைவெளியில் உரிமையாளர் ஒரு தாளை எடுத்து, பெட்டையின் நிறைகளை ஒரு பக்கமும் குறைகளை மறுபக்கமும் எழுதிவிடலாம். உயரம், முன்னங்கால்கள், குளம்பு, பல் பொருத்தம், மூச்சு, குணம், ஓடிய தூரம் ஆகியவற்றைக் கட்டாயம் எழுத வேண்டும். பெட்டை பந்தயத்திலிருந்து எதனால் விலகியது என்பதும் முக்கியம். தடுக்கி விழுந்து ஏற்பட்ட காயம் குட்டிக்கு வராது. பிறவிக் கோணலால் வந்த நொண்டல் குட்டிக்கும் வரக்கூடும்.

தாய்வழி எத்தனை முக்கியம் என்பதற்குக் கனடாவில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். நடால்மா என்ற மூன்று வயதுப் பெட்டை நல்ல தாய்வழியில் பிறந்தது. 1960-ல் பெரிய பந்தயம் ஒன்றுக்கு முன்பு அதற்கு முழங்காலில் காயம் ஏற்பட்டது. பருவம் முடியப்போகும் ஜூன் மாதக் கடைசியில், அதே உரிமையாளரின் நியார்க்டிக் என்ற வேகமான குதிரையோடு சேர்த்தார்கள். நியார்க்டிக்குக்கு அதுதான் முதல் பருவம். 1961 மே 27-ல் பிறந்த குட்டி உயரத்தில் சிறியது. மறு ஆண்டு 25,000 டாலர் விலை சொல்லியும் வாங்க ஆள் இல்லை. 'நார்தர்ன் டான்சர்' என்ற அந்தக் குதிரைதான் 1964-ல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியை வென்றது. 1980களில் அதன் ஒரு சேர்க்கைக்குப் பத்து லட்சம் டாலர் வரை கேட்கப்பட்டது. எல்லாப் பெட்டைக்கும் இப்படி யோகம் அடிக்காது. ஆயினும், காயம்பட்ட கால் வேறு, பிறவி வம்சம் வேறு என்பதை இது காட்டுகிறது.

கோணலுக்கு எதிர்க்கோணல் மருந்தல்ல

குறைகளை எழுதியபின், அந்தக் குறை இல்லாத பொலிகுதிரையைத் தேட வேண்டும். இங்குதான் பலர் சறுக்குகிறார்கள். பெட்டையின் முன்முழங்கால் பின்னோக்கி வளைந்திருந்தால், முன்னோக்கி வளைந்த கால் உள்ள ஆண் குதிரையைச் சேர்த்துச் சரிசெய்யலாம் என்று நினைக்கிறார்கள். இரண்டும் கலந்து நேராகிவிடாது. குட்டி தாயின் கோணலோடும் பிறக்கலாம், தந்தையின் கோணலோடும் பிறக்கலாம். பெட்டைக்கு எந்த உறுப்பில் குறையோ, அந்த உறுப்பு நேராகவும் செம்மையாகவும் உள்ள குதிரையே ஏற்றது. அந்தக் குதிரையின் குட்டிகளிலும் அவ்வுறுப்பு செம்மையாக இருக்கிறதா என்று நாலைந்து குட்டிகளையாவது நேரில் பார்ப்பது நல்லது.

பெரிய குதிரையோடு சேர்த்தால் முதல் ஈற்றில் குட்டி சிக்கிக்கொள்ளுமோ என்ற அச்சம் உண்டு. 1938-ல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் வால்டன், ஹாம்மண்ட் இருவரும் மிகப் பெரிய ஷயர் இனத்தையும் மிகச் சிறிய ஷெட்லாண்ட் இனத்தையும் மாற்றி மாற்றிக் கலந்து பார்த்தார்கள். சிறிய தாயின் வயிற்றில் குட்டி சிறியதாகவே வளர்ந்தது. பெரிய தாய் ஈன்ற கலப்புக் குட்டி பிறப்பு எடையில் அதைப் போல ஏறத்தாழ மூன்று பங்கு இருந்தது. குதிரையில் பிறக்கும் குட்டியின் அளவைப் பெரும்பாலும் தாயின் கருப்பையே தீர்மானிக்கிறது.

தூரத்தைப் பற்றியும் இப்போது சோதனை உண்டு. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி விஞ்ஞானிகள் 2010-ல் தசை வளர்ச்சி தொடர்பான ஒரு மரபணுவை அடையாளம் காட்டினர. அதன் ஒரு வகையை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற குதிரை குறுகிய தூரத்துக்கும், மற்ற வகையை இருவரிடமிருந்தும் பெற்றது நெடுந்தூரத்துக்கும், இரண்டிலும் ஒவ்வொன்று பெற்றது நடுத்தர தூரத்துக்கும் பெரும்பாலும் ஏற்றதாக இருக்கிறது. நெடுந்தூர வகை மட்டும் உள்ள பெட்டையைக் குறுந்தூர வகை மட்டும் உள்ள ஆணோடு சேர்த்தால், எல்லாக் குட்டிகளும் நடுத்தர வகையாகவே பிறக்கும். ஆனால் வெற்றிக்கு இந்த ஒரு மரபணு மட்டும் போதாது.

வம்சாவளியில் எண்ண வேண்டியவை

பெற்றோரை முதல் தலைமுறை என்று வைத்து இரு பக்கமும் எண்ண வேண்டும். ஒரே மூதாதை தந்தை வழியில் மூன்றாம் தலைமுறையிலும் தாய் வழியில் நான்காம் தலைமுறையிலும் வந்தால், அதை 'மூன்றுக்கு நான்கு' என்பார்கள். நார்தர்ன் டான்சரின் சந்ததி உலகெங்கும் பரவிவிட்டதால், இன்று பல வம்சாவளிகளில் அதன் பெயர் இருபுறமும் வருகிறது. தொலைவில் வருவது பெரிய காரியம் அல்ல. இரண்டு மூன்று தலைமுறைக்குள் இருபுறமும் வந்தால், ஒரே பெட்டை உள்ளவர் அந்தச் சேர்க்கையைத் தவிர்ப்பதே நலம்.

நெருங்கிய உறவில் மறைந்திருக்கும் நோய்கள் வெளிப்படும். தோலும் மூட்டும் வலுவின்றிக் குட்டி வயிற்றிலேயே அல்லது பிறந்தவுடன் சாகும் ஒரு பரம்பரை நோய் தரோபிரெட் இனத்தில் உண்டு. இந்தக் குறையைப் பாதி மட்டும் சுமக்கும் குதிரை ஆரோக்கியமாகவே ஓடும், பார்த்தால் தெரியாது. இப்படிச் சுமக்கும் ஆணும் பெண்ணும் சேர்ந்தால், ஒவ்வொரு ஈற்றிலும் குட்டி நோயோடு பிறக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒரு பக்கமாவது சுத்தமாக இருந்தால் நோய்க்குட்டி பிறக்காது. பிடரி மயிரை வேரோடு பிடுங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினால் விடை கிடைத்துவிடும்.

புதுக் குதிரையா, பழகிய குதிரையா?

பந்தயத்தில் வென்று புதிதாகப் பொலிக்கு வந்த குதிரைக்கு ஏலத்தில் மவுசு அதிகம். உதாரணமாக, 2020-ல் பொலிக்கு வந்த குதிரையின் குட்டிகள் 2021-ல் பிறந்து, 2022-ல் ஏலத்துக்கு வந்து, 2023-ல்தான் முதன்முதலாக ஓடின. அந்தக் குட்டிகள் தோற்றிருந்தால், 2023 வசந்தத்தில் அதே குதிரைக்குச் சேர்த்த பெட்டையின் குட்டி 2025-ல் ஏலத்துக்கு வரும்போது கேட்பாரற்றுப் போயிருக்கும். விற்பதற்காக வளர்ப்பவர் புதுக் குதிரையை முதல் இரண்டு பருவத்தில் நாடலாம். மூன்றாம், நான்காம் பருவம் ஆபத்தானது. பெட்டையை வைத்துக்கொண்டு வம்சம் வளர்க்க நினைப்பவருக்கு, குட்டிகள் ஓடிக் காட்டிய நடுத்தரக் கட்டணக் குதிரையே பாதுகாப்பு. முதல் ஈற்றுக் குட்டி நன்றாக ஓடினால் தாயின் மதிப்பே உயர்ந்துவிடும்.

பருவம், கட்டணம், சுகாதாரம்

வடகோளத்தில் எல்லாப் பந்தயக் குதிரைக்கும் ஜனவரி 1-ம் தேதியே பிறந்த நாள். டிசம்பரில் பிறந்த குட்டிக்குச் சில நாளில் ஒரு வயது முடிந்ததாகக் கணக்கு. ஆகவே பிப்ரவரி நடுவில் சேர்க்கை தொடங்குகிறது. நீண்ட பகலில்தான் பெட்டை பருவத்துக்கு வரும் என்பதால், டிசம்பர் தொடக்கம் முதல் தொழுவத்தில் விளக்கு வைத்து நாளுக்கு 16 மணி வெளிச்சம் தருவார்கள். பருவச் சுழற்சி 21 நாள். அதில் ஐந்து முதல் ஏழு நாள் வரை பெட்டை ஆணை ஏற்கும்.

இந்த இனத்தில் செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியைப் பதிவேட்டில் சேர்ப்பதில்லை. எனவே பெட்டையை ஆண் இருக்கும் பண்ணைக்கே ஓட்டிச் செல்ல வேண்டும். தங்கும் செலவும் வண்டிக்கூலியும் கணக்கில் வர வேண்டும். முதல் முறை சேரும் பெட்டை மிரளும் என்பதால், சாதுவான பொலிகுதிரையும் பொறுமையான ஆட்களும் உள்ள பண்ணையாகப் பார்ப்பது அவசியம். 1977-ல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் சேர்க்கையால் பரவும் கருப்பைத் தொற்று நோய் ஒன்று கண்டறியப்பட்டது. அதுமுதல் இரு தரப்பும் பரிசோதனைச் சான்று காட்டுவது வழக்கமாயிற்று.

கட்டண ஒப்பந்தத்தை எழுத்தில் பெற வேண்டும். அக்டோபர் 1-ம் தேதி பெட்டை சினையாக இருந்தால் மட்டும் பணம் என்பது ஒரு முறை. உயிரோடு குட்டி பிறந்தால் மட்டும் பணம் என்பது மற்றொன்று. சிறு விவசாயிக்கு இரண்டாவதே நிம்மதி தருவது.

நம் கிடாரிக்கும் இதே கேள்விகள்

தமிழ்நாட்டுச் சிறு விவசாயி பந்தயக் குதிரை வளர்ப்பது அரிது. ஆனால் முதல் சினைக்கு நிற்கும் கலப்பினக் கிடாரி வீட்டுக்கு வீடு உண்டு. 'டாக்டர் போட்டார், சினை பிடித்தது' என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். எந்தக் காளையின் விந்து என்று கேட்பதில்லை. விந்துக்குச்சியில் காளையின் எண்ணும் இனமும் அச்சிடப்பட்டிருக்கும். அதைக் கேட்டுத் தேதியோடு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். கன்று வளர்ந்து கிடாரியானதும் அதே காளையின் விந்தைப் போட்டால், தகப்பனுக்கும் மகளுக்கும் சேர்க்கை நடந்ததாகிவிடும்.

குதிரையில் தாயின் கருப்பை குட்டியின் அளவைக் கட்டுப்படுத்துவதை நம்பிப் பசுவில் இருந்துவிடக் கூடாது. சிறிய கிடாரிக்குப் பெரிய ஹோல்ஸ்டைன் காளையின் விந்தைப் போட்டால் ஈற்றில் கன்று சிக்கும். அத்தகைய கிடாரிக்கு ஜெர்சி போன்ற சிறிய இனமே ஏற்றது. கலப்பினக் கிடாரி சுமார் 250 கிலோ எடை வந்த பிறகே கருவூட்டல் செய்வது நலம்.

மடி தொங்கும் பசுவுக்கு, மடி நன்கு அமைந்த தாயின் வயிற்றில் பிறந்த காளை எது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்க வேண்டும். என்ன குறை, அந்தக் குறை இல்லாத தந்தை எது, உறவு நெருக்கம் உண்டா என்ற மூன்று கேள்விகளும் ஊசி போடுவதற்கு முன்பே கேட்க வேண்டியவை. சினை பிடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.