ஊரக வளர்ச்சித் திட்டங்களும் தாழ்த்தப்பட்ட மகளிரும்

நம் நாட்டில் வறுமை ஒழிப்புத் திட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால், தில்லியில் புறப்படும் ஒரு திட்டம் ஒன்றிய அலுவலகம் வரை வந்து, ஊரைத் தாண்டிச் சேரிக்குள் நுழையும்போது என்ன ஆகிறது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. விலங்கியல் மாணவி என்ற உரிமையில் கறவை மாட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் 1978-79-இல் தொடங்கப்பெற்று, 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா ஒன்றியங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஏழைக் குடும்பத்துக்கு வருவாய் தரும் சொத்து ஒன்றை வாங்கித் தருவது அதன் நோக்கம். சிறு விவசாயிக்கு 25 விழுக்காடு, விவசாயத் தொழிலாளிக்கு மூன்றில் ஒரு பங்கு என மானியம் வகுக்கப்பட்டது. மீதி வங்கிக் கடன். அவ்வாறு வழங்கப்பட்ட சொத்துகளுள் கறவை மாடு முக்கியமானது.

1985-இல் என் பாட்டியும் ஒரு கலப்பினப் பசு பெற்றார். அத்தகைய பசுவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிலோ பசுந்தீவனம் வேண்டும். பாட்டிக்கோ ஒரு சென்ட் நிலமும் இல்லை. வரப்புப் புல்லை அறுக்க நிலக்காரர் விட வேண்டும். அவர் சொன்ன கூலிக்கு, கூப்பிட்ட நேரத்தில் களையெடுக்க வருகிறவளைத்தான் அவர் வரப்பில் விடுவார். பிறர் கையை எதிர்பாராமல் வாழ வந்த பசு, பாட்டியை முன்னிலும் இறுக்கமாக அந்த வயலோடு கட்டிப் போட்டது. பாலைக் கறந்த பின் வேறொரு தொல்லை. ஊருக்குள் பால் அளக்குமிடத்தில் அவர் பாத்திரம் எல்லோருக்கும் கடைசி. தேநீர்க் கடைக்காரர் வாங்கவே மறுத்தார். இரண்டாம் ஈற்றோடு மாடு விற்கப்பட்டது. கடன் மட்டும் நின்றது. வங்கி ஏட்டில் அது வாராக்கடன். ஏன் வரவில்லை என்று எழுத அந்த ஏட்டில் இடமில்லை.

நிலம் கொடுக்கப்படவே இல்லையா எனில், கொடுக்கப்பட்டது. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் சென்னை மாகாண அரசு ஒதுக்க முன்வந்ததே பஞ்சமி நிலம். பிறர்க்கு விற்கத் தடை இருந்தும் அதில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. அதில் அரை ஏக்கர் இருந்திருந்தால் பாட்டியின் பசு பிழைத்திருக்கும் என்றே கருதுகிறேன்.

பசு தராததை மண்வெட்டி தந்தது. 2005-இல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம் ஆண்டுக்கு 100 நாள் வேலையும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலியும் வகுத்தது. பயனாளிகளில் மூன்றில் ஒரு பங்கேனும் பெண்களாக இருக்க வேண்டும் என்றது அச்சட்டம்; தமிழ்நாட்டிலோ பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்களே வந்தனர். என் தாயார் ஏரி வேலைக்குப் போன நாள்களில் எந்த வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை. "வயலுக்கு ஆள் வருவதில்லை" என்று நிலக்காரர்கள் குறைப்பட்டனர். அவர்கள் நொந்துகொண்டதே அத்திட்டத்துக்குக் கிடைத்த நற்சான்று.

எனினும், எந்த ஏரி, எந்தத் தெரு என்று தீர்மானிக்கும் இடம் ஊராட்சி. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அங்கே தாழ்த்தப்பட்ட மகளிருக்கும் நாற்காலி ஒதுக்கியது. ஆனால், கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சித் தலைவரான ஆதிதிராவிடப் பெண் கூட்டத்தில் தரையில் அமர்ந்திருந்த படம் 2020-இல் வெளிவந்தது. சட்டம் தந்த நாற்காலியில் உட்கார ஊரும் விட வேண்டியிருக்கிறது!

கிராம சபையை எங்கே கூட்டுகிறார்கள் என்பதும் சிறிய செய்தி அன்று. எங்கள் ஊரில் கோயில் முன்றிலில் கூட்டியபோதெல்லாம் காலனிப் பெண்கள் வேப்ப மரத்தடியில் ஒதுங்கி நின்றனர். பேச்சு காதில் விழாது. பள்ளி வளாகத்துக்கு மாற்றிய ஆண்டு, என் தாயார் முன்வரிசையில் அமர்ந்து, எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கேட்டார். தீர்மான ஏட்டில் எழுதினார்கள். குழாய் வர எட்டு மாதம் ஆயிற்று.